ஞானதாஸ் அண்ணனுக்குப் பதில் ஓட்டியவன்

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெறப் போகிறவர்கள் அவ்வப்போது எனக்கு போன் செய்வதுண்டு. பெரும்பாலும் பாறசாலை, காரோடு, களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள். யாராவது என் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். குறுகிய காலச் சேவை முடிந்து வரப்போகிற சின்ன வயதுக்காரர்களும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: பட்டாளத்தில் லாரி ஓட்டிய அனுபவத்தை வைத்து ஊரில் லாரி ஓட்டும் வேலை கிடைக்குமா, அதுவும் வாரத்தில் சில நாள் மட்டும் போகிற மாதிரி.

கிடைக்கும் என்று சொல்வேன். பட்டாளத்து லைசன்சை சிவில் லைசன்சாக மாற்றத் தேவையான கையெழுத்துகளை யூனிட்டில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், ஊருக்கு வந்தபின் வாங்குவது பெரிய அலைச்சல் என்றும் சொல்வேன். போனில் அதற்கு மேல் சொல்ல முடிவதில்லை. எனக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது, அதில் என்ன நடந்தது என்பதை எழுதி வைத்தால் கேட்கிறவர்களுக்கு அனுப்பலாமே என்று மனைவி சொன்னாள். நான் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். கிளட்ச் மிதிக்க இடது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதனால் நேரம் இருக்கிறது.

பட்டாளத்தில் நான் சப்ளை வண்டி ஓட்டினேன். ஜபல்பூரில் கற்றுக்கொண்டது, ஜம்முவிலும் லடாக்கிலும் ஓட்டியது. மண்ணெண்ணெய், அரிசி, ஆட்டுக்கறி, சில சமயம் ஆட்களும். இருபது வண்டிகள் வரிசையாகப் போகும்போது முன்வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி, எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்பதையெல்லாம் வேறொருவர் தீர்மானிப்பார். நம் வேலை ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது.

அங்கே எங்களுக்கு மேலே இருந்த ஒரு சுபேதாரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கண் பரிசோதனை வருடா வருடம் ஆஸ்பத்திரியில் நடக்கும். அவர் அதை நம்புவதில்லை. ஆஸ்பத்திரி அட்டையில் இருக்கும் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் உண்டு என்று அவருக்குத் தெரியும். அதனால் வெளிச்சம் மங்கும் நேரத்தில் டிரைவர்களில் ஒருவனைத் தனியாகக் கூப்பிடுவார். சிகரெட் பற்றவைத்துக்கொண்டு வீட்டு நலம் விசாரிப்பார். பேச்சின் நடுவே தூரத்தில் நிற்கும் ஏதோ ஒரு வண்டியைக் காட்டி, அது யாருடையது, நம்பர் என்ன என்பார். தினமும் வேறு வண்டி. சொல்ல முடியாதவனை மறுநாள் ஸ்டோருக்கு மாற்றிவிடுவார். காரணத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். அந்த ஆளிடம்கூடச் சொல்ல மாட்டார். அவன் புரிந்துகொள்வான்.

ஹவில்தாராக ஊர் திரும்பினேன். காரோட்டில் கொஞ்சம் வாழை இருந்தது. காலையில் அதற்குத் தண்ணீர் விட்டு முடித்தால் பகல் முழுவதும் சும்மா. பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு ஊரில் உடனே கிடைக்கும் வேலை செக்யூரிட்டி வேலை. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கலாம், நகைக்கடையில் கதவைத் திறந்துவிடலாம். எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை. ஓட்டத்தான் தெரியும். முழுநேர வேலையும் வேண்டாம் என்றிருந்தது. மறுபடியும் ஒருவர் விசில் ஊதித்தான் நான் எழுந்திருக்க வேண்டுமா என்ற எண்ணம்தான் காரணம்.

முதலில் தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்லும் எம்-சாண்டும் கொண்டுவரும் ஒரு டிப்பர்காரரிடம் போனேன். பட்டாளக்காரன் என்றதும் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார். காலையில் வண்டியை எடுக்கும்முன் எண்ணெய், தண்ணீர், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டு, வீல் நட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிக் கேட்பது என் வழக்கம். லூசான நட்டின் சத்தம் வேறு. முதல் நாள் அவர் வேடிக்கை பார்த்தார். இரண்டாம் நாள் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தட்டி முடிப்பதற்குள் மற்ற டிப்பர்கள் ஒரு நடை போய் வந்துவிடுகின்றன என்றார். அளவுக்கு மேல் ஏற்றிய கல்லைக் கொஞ்சம் இறக்க நான் சொன்ன பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

புஷ்பம் சேச்சியிடம் போய்ச் சேர்ந்தது அதன் பிறகுதான். உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போனால் அவருடைய ஹாலோ பிளாக் களம். சிமெண்ட் கட்டைகளை அச்சில் வார்த்து, நனைத்து, காயவைத்து, கட்டட வேலை நடக்கும் வீடுகளுக்கு இரண்டு லாரிகளில் அனுப்புவார். கணவர் வளைகுடாவில் கிரேன் ஓட்டப் போனவர், வருடத்துக்கு ஒருமுறை வருவார். களமும் லாரியும் சேச்சியின் பொறுப்பு. பூவார்க் கடற்கரைக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். ஆனாலும் எல்லோரையும்போல நானும் அக்கா முறை வைத்துச் சேச்சி என்றே கூப்பிட்டேன்.

எத்தனை வருடம் ஓட்டினீர்கள், எங்கே ஓட்டினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கட்டை ஏற்றிய லாரியில் என்னோடு ஏறி உட்கார்ந்து காரோட்டுக்கு விடச் சொன்னார். அங்கே ஒரு சந்து. இரண்டு பக்கமும் மதில், சரிவு, அடியில் புதிதாகக் கட்டும் வீடு. கீழே வண்டியைத் திருப்ப இடமில்லை. அதனால் ரோட்டிலிருந்தே பின்பக்கமாக இறக்க வேண்டும்.

பட்டாளத்தில் பின்னால் ஒருவன் நின்று கையசைக்காமல் ரிவர்ஸ் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். மலைப்பாதையில் பனியில் ஓட்டியவனுக்கு இந்தச் சந்தில் வியர்த்தது. கொஞ்சம் பின்னால் போவேன், நிறுத்துவேன், இறங்கி நடந்து போய்ப் பின்சக்கரத்துக்கும் மதிலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்ப்பேன், திரும்ப ஏறுவேன். வீடு கட்டும் வேலையாட்கள் சிரித்தார்கள். இறக்குக்கூலிக்கு வந்தவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் கட்டை வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்தது. வேலை கிடைக்காது என்றே நினைத்தேன்.

திரும்பும்போது சேச்சி சொன்னார்: "இறங்கி நடந்து பாக்குத ஆளு மதி. மத்தது தானே வரும்."

போதும் என்பதைத்தான் மதி என்றார். அப்படி நான் அந்தக் களத்துக்கு ஆக்டிங் டிரைவர் ஆனேன். நிரந்தர டிரைவர் வராத நாளில் ஓட்டுகிறவன்.

சேச்சி வேலை வாங்கும் விதம் நான் அதுவரை பார்க்காதது. கட்டளையே கிடையாது. பூவாரில் இன்னாருக்குக் கட்டை வேண்டும், மத்தியானம் மேஸ்திரி வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். மீதி நம் பொறுப்பு. தாமதமாகத் திரும்பினால் டீ குடித்து முடிக்கும்வரை காரணம் கேட்க மாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். சாவி ஆபீஸ் சுவரில் ஆணியில் தொங்கும். யாரும் தானாக எடுக்கக்கூடாது. அவரே எடுத்து, பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்து ஏதாவது பேச்சுக் கொடுத்து, நாம் பதில் சொன்ன பிறகுதான் கையில் கொடுப்பார். முந்தின நாள் குடித்த வாசம்கூட அவருக்குத் தெரிந்துவிடும். ஒருவனை அப்படித் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு வாருங்க என்று மட்டும் சொன்னார்.

நிரந்தர டிரைவரின் பெயர் ஞானதாஸ்; இன்னொரு லாரிக்கு ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணன். களம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். மதிலுக்கு நடுவே அவர் லாரியைப் பின்னால் எடுப்பதைப் பார்த்தால் லாரி தானே போகிறது என்று தோன்றும். முதலில் என்னிடம் அதிகம் பேசவில்லை. பெயரைக் கேட்கவே இல்லை, பட்டாளம் என்றே கூப்பிட்டார். பிறகு அவராகவே எந்தச் சந்தில் மழைக்குச் சேறாகும், எந்த வீட்டுக்காரி மதிலில் உரசினால் சண்டைக்கு வருவாள் என்றெல்லாம் சொல்லித் தந்தார். மனைவி இல்லை. பிரின்சி என்று ஒரு மகள், நெய்யாற்றின்கரையில் லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

முதல் வருடம் எனக்கு வாரத்தில் ஒருநாள்தான் வேலை வந்தது. அடுத்த வருடம் மழைக்காலத்தில் அது அதிகமாகத் தொடங்கியது. மழை என்றால் ஞானதாஸ் அண்ணன் லீவு. சாயங்காலம் தாண்டும் லோடு என்றால் உடம்பு சரியில்லை. வெயில் நாளில் எந்தக் குறையும் இல்லை. எனக்கு நல்லதுதானே என்று மனைவி சொன்னாள். நானும் முதலில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

டீக்கடையில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். எக்ஸ் சர்வீஸ்காரனுக்கு மாதாமாதம் கேன்டீனில் ரம் கிடைக்கிறது, அதை ஞானதாசுக்குக் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு அவனுடைய நடையை இவன் ஓட்டுகிறான் என்று. இது சேச்சியின் காதுக்கும் போனது. ஒருநாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். என் கேன்டீன் பாட்டில் என் மைத்துனன் வீட்டுக்குத்தான் போகிறது என்று சொன்னேன். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஞானதாஸ் அண்ணனிடம் வாசம் எதுவும் இல்லை என்பது அவருக்கே தெரியும். அந்தச் சோதனையில் அவர் ஒருநாளும் தோற்றதில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஞானதாஸ் அண்ணன் ஓட்டும் லாரியை நான் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். இடப்பக்க பாடியில் புதுக் கீறல்கள். ஒன்றில் மஞ்சள் சுண்ணாம்பு, ஒன்றில் நீலம். மதில்களின் நிறம். இடது கண்ணாடி உடைந்து டேப் ஒட்டியிருந்தது. களத்தில் வண்டியை நிறுத்தும்போது பக்கத்தில் தேவைக்கு மேல் இடம் விட்டிருந்தார். இருபது வருடமாக உரசாத ஆள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் இன்னொரு லாரி பூவாருக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து நின்றது. கட்டை இறக்கப் போகும் ஞானதாஸ் அண்ணனோடு போய் அதை எடுத்துவரும்படி சேச்சி என்னிடம் சொன்னார். மத்தியானம் கிளம்ப வேண்டியது, ஏற்றுவதில் தாமதமாகி நாலு மணி தாண்டிவிட்டது. நான் இடப்பக்க சீட்டில். பூவார்ச் சாலைக்குத் திரும்பியதும் மழை பிடித்தது. கடல் பக்கத்திலிருந்து வரும் மழை, வானம் ஒரேயடியாக இருண்டுவிட்டது.

ஒரு வளைவில் மீன்பெட்டி கட்டிய சைக்கிளை ஒருவர் தள்ளிக்கொண்டு போனார். தலையில் பிளாஸ்டிக் பை. எனக்கு வெகுதூரத்திலேயே தெரிந்தது. ஞானதாஸ் அண்ணனின் கால் ஆக்சிலேட்டரில் அப்படியே இருந்தது. அவராகவே பார்த்துவிடுவார் என்று அதற்கு மேல் காத்திருக்க இடைவெளி இல்லை.

"இடது பக்கம் சைக்கிளு, வலத்த பிடியுங்க" என்றேன்.

உடனே பிடித்தார். எங்கே என்று கேட்கவில்லை. சைக்கிள்காரரின் கை என் ஜன்னலுக்குக் கீழே போனது. அடுத்து ஒரு பாலம், எதிரே பஸ். பஸ் வருது, நிறுத்துங்க என்றேன். நிறுத்தினார். போகலாம் என்றேன். போனார். குடையோடு இரண்டு பெண்கள், குறுக்கே ஒரு நாய், சாலையோரம் கொட்டிய ஜல்லி. நான் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். ஏன் சொல்கிறாய் என்று கேட்டிருந்தால் எனக்குச் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். அவர் கேட்கவே இல்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்தபோது இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலேயே வைத்திருந்தார்.

"எம்பிட்டு நாளாச்சு?" என்று கேட்டேன்.

"வெட்டம் இருந்தா குழப்பமில்ல" என்றார். வெளிச்சத்தைச் சொன்னார். சர்க்கரை இருக்கிறது, மருந்தைச் சில காலம் விட்டுவிட்டதாகவும் சொன்னார். "வழியெல்லாம் எனக்க கைக்குத் தெரியும் பட்டாளம். கண்ணு வேண்டாம்."

"வழி அங்கேயேதான் கெடக்கும் அண்ணா. வழியில வாற ஆளு அப்பிடி கெடக்குமா?"

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. சேச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அதுதான் நல்லது என்றேன். காலை வரை காத்திருப்பேன் என்றும் சொன்னேன்.

"நீரு பறஞ்சா ஊரு என்ன சொல்லும்ணு அறியுமா?" என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை. எனக்காகக் கவலைப்பட்டுக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

அறியும் என்றேன். அன்றைக்குக் கட்டையை இறக்காமலேயே, அவருடைய லாரியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, இன்னொன்றில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். மழை அதிகம், கட்டை இறக்கவில்லை, லாரி அங்கேயே நிற்கிறது என்று மட்டும் சேச்சியிடம் சொன்னேன்.

மறுநாள் எனக்கு வேலை நாள் இல்லை. ஆனாலும் போனேன். அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு. சேச்சி ஆணியிலிருந்து, களத்தில் நின்ற லாரியின் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, பிரின்சிக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டார். அவர் பதில் சொன்னார். சாவிக்குக் கை நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை. சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது.

"சேச்சி, சாவிய குடுக்காதீங்க" என்றேன்.

களத்தில் அச்சு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஆபீசுக்குள் போய்ப் பேசலாம் என்றேன். உள்ளே மூன்று பேர் மட்டும். நேற்று நடந்ததைச் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஞானதாஸ் அண்ணன் மறுக்கவில்லை. கொஞ்சம் மங்கல், மழை அதிகம், பட்டாளத்துக்காரர் பயந்துவிட்டார் என்றார்.

சேச்சி ஜன்னல் பக்கம் போனார். களத்தின் அந்தப் பக்கம் கேட்டில் யாரோ வந்து நின்றார்கள்.

"ஞானதாசண்ணா, கேட்டுல நிக்கது ஆராக்கும்?"

அவர் ஜன்னலுக்கு வந்தார். காலை வெயில் கேட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நம்ம மோகனனில்லியா, சிமெண்டுக் கடை" என்றார்.

கேட்டில் நின்றது பிரின்சி. அவர் வீட்டில் மறந்துவைத்த சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றிருந்தாள். நாங்கள் யாரும் திருத்தவில்லை. அவள் நடந்து பாதித் தூரம் வந்து, "அப்பா" என்று கூப்பிட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சேச்சி சாவியை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, வெளியே போய் அவளிடமிருந்து பாத்திரத்தை வாங்கினார்.

அன்றைக்கே சேச்சி அவரை மார்த்தாண்டத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சேச்சியின் காரை நான் ஓட்டினேன். கண்ணுக்குள் சர்க்கரையால் ரத்தக் கசிவு, லேசர் வைத்து இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேரோ.

திரும்பி வந்ததும் நிரந்தர வேலையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று சேச்சி என்னிடம் கேட்டார். மாட்டேன் என்றேன். மானம் பார்த்தால் என் கட்டை எப்படிப் போகும் என்று கோபப்பட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். வேறு ஆள் கிடைக்கும்வரை எல்லா நாளும் ஓட்டுகிறேன், கிடைத்ததும் பழைய மாதிரி என்று ஒத்துக்கொண்டேன். ஆள் கிடைக்க ஓணம் தாண்டிவிட்டது. அதுவரை டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள். ஒருவர் மட்டும் முகத்துக்கு நேராகக் கேட்டார், இருபது வருடம் ஓட்டியவனுக்குக் கண் இல்லை என்று நேற்று வந்தவன் கண்டுபிடித்தானா என்று. நான் வாக்குவாதம் செய்யவில்லை. டீயை வீட்டில் குடிக்கத் தொடங்கினேன். புது டிரைவர் வந்ததும் நான் வாரத்தில் ஒன்றிரண்டு நாளுக்குத் திரும்பினேன். அதற்கும் ஏதோ காரணம் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஞானதாஸ் அண்ணனைக் களத்து வேலைக்குச் சேச்சி பலமுறை கூப்பிட்டார். மாதக்கணக்கில் வரவில்லை. பிறகு ஒருநாள் தானாக வந்து கட்டை நனைக்கும் வேலையில் நின்றார். கையால் தடவியே எந்த வரிசை காய்ந்திருக்கிறது, எது இன்னும் ஒருநாள் கிடக்க வேண்டும் என்று சொன்னார். என் லாரியில் கட்டை ஏற்றும்போது கயிற்றின் மறுமுனையை அவர் இழுப்பார். முடிச்சு விழுந்ததும் திரும்பி நடப்பார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் வலியப் போகவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்று நினைத்தேன். அது ஒன்றும் பேசுவதற்கான காரணமாகிவிடாது.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் உதியன்குளங்கரை பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம், நல்ல கூட்டம். அவர் கொஞ்சம் தள்ளித் தூணில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பஸ்கள் வந்தன, போயின. ஒவ்வொன்று வரும்போதும் அவர் ஒரு அடி முன்னால் வருவார், போர்டைப் பார்ப்பார், பின்னால் போய்விடுவார். பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம் கேட்கவில்லை. கேட்கிற ஆளில்லை அவர். பூவார் போகிற ஒரு பஸ்ஸை அப்படி விட்டுவிட்டார். பிரின்சியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். போய்ச் சொன்னால் அவமானப்படுவாரோ என்றிருந்தது. இருட்டத் தொடங்கியது. இன்னொரு பஸ் விளக்கு போட்டுக்கொண்டு வந்தது. அவர் முன்னால் வரவில்லை. தூணில் சாய்ந்தபடியே, முகத்தை என் பக்கம் திருப்பாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எனக்குக் கேட்கிற அளவுக்குக் கேட்டார்.

"பட்டாளம், அது எங்க போற வண்டியாக்கும்?"

"பூவாரு" என்றேன்.

தலையசைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஏறினார். பஸ் கிளம்பியபோது ஜன்னலோர சீட்டு அவருக்குக் கிடைத்திருந்தது.